நாலாம் அடியின் முதல் சொல்

ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவை எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். போன மாதம் கார்த்திகாவும் அப்படித்தான் வந்தாள். நான் வேலை பார்த்த கல்வெட்டு அலுவலகத்தில் இப்போது அவள் இருக்கிறாள். வேங்கிக்காலில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வாடகைக்குக் குடியிருக்கிறாள். மடிக்கணினியைத் திறந்து ஒரு கல்லின் படத்தைக் காட்டினாள். பாட்டாக வெட்டிய கல்வெட்டு. நடுவில் சில எழுத்துகள் சிதைந்திருந்தன. சீரையும் எதுகையையும் பார்த்து, சிதைந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று கணினியே சொல்லிவிடுகிறதாம். சொல்லியும் இருந்தது. "எதுகை கரெக்டா உக்காருது சார். அச்சுக்குக் குடுத்துடலாமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, பாவம், நல்ல பெண். கணினிமேலும் இல்லை. அந்தக் கணினி செய்த காரியத்தை மின்சாரமே இல்லாமல் நான் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அதைச் சொல்ல ஆரம்பித்ததும், எழுதிக் கொடுங்கள், அலுவலகத்தில் எல்லாரும் படிக்கட்டும் என்றாள். என் மானம் போகிற கதைதான். போனால் போகட்டும், மானத்தை வைத்துக்கொண்டு இந்த வயதில் என்ன செய்யப் போகிறேன்.

நான் அந்த வேலைக்குப் படித்துவிட்டுப் போனவன் இல்லை. கல்லைக் கழுவத் தண்ணீர் சுமக்கிற தினக்கூலியாகச் சேர்ந்தேன். பிறகு படி எடுக்கப் பழகினேன். மாலை நேரத்தில் படித்துப் புலவர் பட்டம் வாங்கினேன், மேசை கொடுத்தார்கள். மேசை வந்த பிறகும் பழைய ஆட்கள் என்னை 'வாளி' என்றுதான் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள், நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

படி எடுப்பது பொறுமை கேட்கிற வேலை. தேங்காய் நார்த் தூரிகையால் கல்லைத் தேய்த்து, எழுத்துப் பள்ளங்களில் அடைந்த மண்ணையும் பாசியையும் எடுக்க வேண்டும். கெட்டித் தாளை நனைத்துக் கல்லின்மேல் போர்த்தி, மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டி, தாள் எழுத்துக்குள் இறங்கும்வரை விடக் கூடாது. பலமாகத் தட்டினால் கிழியும், மெதுவாகத் தட்டினால் இறங்காது. பாதி ஈரத்தில் துணிப் பொட்டலத்தை மையில் தொட்டு ஒற்றினால், கல்லின் மேடெல்லாம் கறுப்பாகவும் எழுத்தெல்லாம் வெள்ளையாகவும் வரும். காய்ந்த பிறகு மூலையைப் பிடித்து உரிக்க வேண்டும். அதற்குப் பெயர் மைப்படி. அதில் ஓர் எழுத்து வரவில்லை என்றால், அந்த எழுத்து இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

என் அதிகாரி ஏகாம்பரம் சார் அந்தக் கணக்கை விட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இது கல்லுல இருக்குதா, உன் மண்டையில இருக்குதா?" என்று கேட்பார். திட்டினாலாவது பரவாயில்லை என்று தோன்றும்.

பாட்டுக் கல்வெட்டு வந்தால் மூன்று பென்சில்களை எடுப்பார். முதலில் விரல் கணுக்களில் எண்ணிச் சீர் பிரிப்பார், அதற்கு உதடுகூட அசையாது. பிறகு எதுகைக்குச் சிவப்பு, மோனைக்கு நீலம், திரும்பத் திரும்ப வருகிற சொல்லுக்குப் பச்சை. மூன்று நிறமும் தாளில் விழுந்த பிறகுதான் பொருளைப் பற்றிப் பேசுவார். பச்சைப் பென்சில் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். எதுகையும் மோனையும் பாட்டைக் காட்டும், திரும்ப வருகிற சொல் ஆளைக் காட்டும் என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அந்த ஊர் ஏரி மதகில் ஒரு கல் நின்றது. எழுத்தின் சாயலைப் பார்த்தால் வெள்ளைக்காரக் கும்பினியார் காலம். நான்கு அடி, அடிக்கு ஆறு சீர். ஓர் அடி ஒரு வரியாக வெட்டியிருந்தார்கள். கல்லின் கீழ் இடது மூலை உடைந்து போயிருந்ததால் நாலாம் அடியின் முதல் இரண்டு சீர் இல்லை. ஒரு 'ம்' மட்டும் விளிம்பில் தொங்கியது. மைப்படியில் வந்தது இது:

மண்ணில் வறட்சி வந்தகாலை மடையின் வாயில் கல்நிறுத்தி
கண்ணாய் ஏரி தனைக்காத்துக் கழனி எல்லாம் நீர்பாய்ச்சி
உண்ணும் சோற்றுக் குறுதியென ஊரார் எல்லாம் புகழ்ந்தேத்தும்
. . . . . . ம் பேர்வாழ்க குன்றும் கதிரும் உள்ளவரை

மதகுக்குக் கல் கொடுத்தவரைப் புகழ்கிற பாட்டு. கொடுத்தவர் பெயர் மட்டும் போய்விட்டது.

தாள் காயட்டும் என்று கரைமேல் உட்கார்ந்திருந்தேன். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பெயர் பச்சையம்மாள், கூலி வேலைக்குப் போகிற வீடு, அப்போது நாற்பது வயதுக்குள் இருக்கும். இது தங்கள் வீட்டுக் கல் என்றாள். குப்பாயி என்று அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் நகையை விற்றுப் போட்டதாம். பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்து அப்படிப் பெயர் வைப்பார்கள். எமன்கூட வேண்டாம் என்று போய்விடுவான் என்று நம்பிக்கை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு என்றும் அவள்தான் சொன்னாள். ஏரி நிரம்பி உபரி நீர் வழிந்து கோடி போனால், மதகுப் பலகையை முதல் தடவை தூக்குமுன், தண்ணீர் பாய்ச்சுகிறவர் நீரைப் பார்த்துக் கல் கொடுத்தவர் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் ஒருவர் 'இருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் பலகை ஏறும்.

"எங்க மாமியாதான் சொல்லிகினு இருந்தாங்க. அவங்க போயிட்டாங்க. அடுத்த தபா ஏரி ரொம்பினா நான்தான் சொல்லணும்," என்றாள். ஆனால் ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் சிலர், கூலிக்காரி வீட்டில் ஏது நகை என்று சிரிக்கிறார்களாம். "கல்லுல அந்தப் பேரு இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்."

நான் விரலை மடக்கினேன். குப்பா, யியெனும். இரண்டு சீரும் அச்சாகப் பொருந்தின. கடைசியில் 'ம்' கூட இருந்தது. ஆனால் முதல் மூன்று அடியும் மண், கண், உண் என்று 'ண்' எதுகையில் நிற்கின்றன. நாலாம் அடியில் 'குப்' என்று வந்தால் எதுகை செத்தது.

"அந்தப் பேரு பாட்டுல உக்காராதும்மா," என்றேன்.

"ஏன் சார் உக்காராது?"

சொன்னேன். எதுகை என்றால் என்ன, எந்தப் புலவனும் மூன்று அடியில் வைத்துவிட்டு நாலாம் அடியில் விட மாட்டான் என்று, புல் கட்டோடு நிற்கிறவளுக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். முழுக்கக் கேட்டாள். "எங்க மாமியா பொய் சொல்ல மாட்டாங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நான் குறிப்பேட்டில் 'செவிவழிச் செய்தி' என்று எழுதிக் கோடு போட்டேன்.

அன்று சாயங்காலம் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கும்போது கண்ணில் பட்டது எல்லாம் ஒரே பெயர். லாட்ஜ், மிட்டாய்க் கடை, ஆட்டோவின் முதுகு, எல்லாவற்றிலும் அண்ணாமலை. இந்த ஊர்க்காரனுக்கு 'ண்' எதுகை என்றால் வேறென்ன தோன்றும்? அண்ணா, மலையாம். சீர் பொருந்துகிறது, எதுகை பொருந்துகிறது, 'ம்' பொருந்துகிறது. எழுத்தை எண்ணினால் உடைந்த இடத்துக்குச் சரியாக இருக்கிறது. அடுத்தாற்போலக் 'குன்றும்' என்று வேறு வருகிறது. டீ குடிக்க நின்றவன் குடிக்காமலே அலுவலகத்துக்கு ஓடினேன்.

ஏகாம்பரம் சார் மூன்று பென்சிலையும் எடுத்தார். சிவப்பால் நான்கு வட்டம் போட்டு, பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டார். நீலத்தை எடுத்தார். அடியின் முதல் சீரும் நாலாம் சீரும் ஒத்துத் தொடங்குவது மோனை. மண்ணில், மடையின். கண்ணாய், கழனி. உண்ணும், ஊரார். மூன்று அடியிலும் பிசகவில்லை. நாலாம் அடியில் அண்ணாவுக்கும் குன்றுக்கும் என்ன உறவு என்று கேட்டார். புலவர் அங்கே மோனையை விட்டிருப்பார் என்றேன். "எதுகையை விட மாட்டான்னு சாதிக்கிற. மோனையை மட்டும் விடுவானா?" என்றார்.

பிறகு பச்சைப் பென்சிலால் இரண்டாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் ஒரே இடத்தில் வந்த 'எல்லாம்' என்ற சொல்லை வளைத்தார். "இவன் சொல்லைத் தேடிப் புடிக்கிற ஆளு இல்லப்பா. கைக்குக் கெடைச்சதை வெச்சு, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போறவன். நாலாவது அடியில என்ன செஞ்சிருப்பான்னு நீயும் நானும் சொல்ல முடியாது. புள்ளி வை."

புள்ளி வைத்தேன். ஆறு புள்ளி.

அந்தக் கல்வெட்டுகள் புத்தகமாகும் சமயத்தில் அவர் கண் அறுவைக்காக விடுப்பில் போனார். அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. அந்த ஆறு புள்ளியையும் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. 'அண்ணாமலையாம்' என்று எழுதினேன். ஊகம் என்று காட்ட அடைப்புக்குறி போட்டேன். பிறகு அந்த அடைப்புக்குறியையும் அடித்தேன். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வாளி தூக்கினவன் ஒரு பெயரைக் கண்டுபிடித்தான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

புத்தகம் வந்தது. ஏகாம்பரம் சார் புதுக் கண்ணாடியோடு வந்து படித்தார். என் மேசைக்கு அருகே நின்று, ஒரு திருத்தச் சீட்டு அடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டிவிடு என்றார். சரி என்றேன். பிரதிகள் ஊர்களுக்குப் போய்விட்டன, பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று இழுத்தேன். அந்த வருஷமே அவர் ஓய்வு பெற்றார், அதன்பின் கேட்க ஆளில்லை.

அடுத்த மழையில் அந்த ஏரி நிரம்பியது. அந்த ஊரில் நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர் ராஜவேலு எனக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஓர் அண்ணாமலை உண்டு. புத்தகத்தைப் பார்த்ததும் தங்கள் முன்னோர்தான் என்று நினைத்துவிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. அச்சில் வந்ததை நம்பினார், அவ்வளவுதான். எனக்குப் பொன்னாடை போர்த்தி மதகுக்கு அழைத்துப் போனார். தண்ணீர் பாய்ச்சுகிறவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அண்ணாமலை" என்று கூப்பிட்டார். மூன்றாம் கூப்பாட்டுக்கு ராஜவேலு "இருக்கேன்" என்றார். நான் கண்டுபிடித்த பெயர் தண்ணீர்மேல் போய்த் திரும்பி வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பச்சையம்மாள் தட்டில் மஞ்சளும் பூவும் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு கரைமேல் நின்றிருந்தாள். பதில் சொல்ல வந்திருந்தாள் போல. என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தட்டோடு திரும்பி நடந்தாள். பாவம்தான், ஆனால் பாட்டு பாட்டுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷத்தில் இரண்டு தடவைதான் ஏரி நிரம்பியது. இரண்டு தடவையும் அண்ணாமலையைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் ஓய்வு பெறுகிற வருஷம் அந்த ஏரியைத் தூர் வாரினார்கள். சேற்றிலிருந்து ஒரு கல் துண்டு வந்தது. அதை லாரியில் ஏற்ற விடாமல் ஒரு கிழவி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று அலுவலகத்துக்கு போன் வந்தது. யாரென்று கேட்கவே தேவையில்லை. தூரிகையையும் வாளியையும் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

தேய்த்துக் கழுவினேன். மதகுக் கல்லின் உடைந்த விளிம்போடு அந்த மூலை வடு தெரியாமல் சேர்ந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 'குப்பா யியெனு'. அதற்கடுத்து, பழைய கல்லில் அந்த 'ம்'.

பச்சையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா போட்டிருக்குது சார்?" என்று கேட்டாள். படித்தேன்.

"உக்காருதா சார்?" என்றாள்.

"உக்காருதும்மா," என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்தப் புலவரைப் பற்றி யோசித்தேன். குப்பாயி, குன்றும். மோனை நாலாம் அடியிலும் பிசகவில்லை. நீலப் பென்சில் அன்றைக்கே சொன்னது, நான்தான் கேட்கவில்லை. எதுகையை அவரால் காப்பாற்றியிருக்க முடியும். புண்ணியவதி என்று ஒரு சொல்லும், குன்றுக்குப் பதில் புவியும் போட்டிருந்தால் 'ண்' நின்றிருக்கும், மோனையும் நின்றிருக்கும், பாட்டும் அழகாக இருந்திருக்கும், பெயர் போயிருக்கும். அவர் பாட்டை நொண்ட விட்டார், பெயரை விடவில்லை. நான் பாட்டை நிமிர்த்தப் போய் அவளைத் தள்ளிவிட்டேன்.

ஏகாம்பரம் சார் அப்போது டவுனில் மகள் வீட்டில் இருந்தார். பார்வை அனேகமாகப் போய்விட்டது. மைப்படியை அவர் மடியில் விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன், அடித்துப் போட்ட அடைப்புக்குறி உட்பட. தாளின்மேல் விரலை மெதுவாக ஓட்டினார். "திருத்தம் போடு. தப்பு யாருதுன்னும் போடு. பதிப்பாசிரியர்னு என் பேரு இருக்குது இல்ல, அதையும் சேத்துப் போடு," என்றார். உங்கள் பெயர் எதற்கு சார் என்றேன். ஒட்டச் சொன்ன சீட்டை நீ ஒட்டினாயா என்று நான் போய்ப் பார்க்கவில்லையே என்றார்.

திருத்தம் அச்சானது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எல்லார் முன்னும் படித்தேன். ராஜவேலு அதை வாங்கி இன்னொரு தடவை படித்தார். "நாங்க கேட்டு வரல சார். நீங்கதான் குடுத்தீங்க," என்றார். உண்மைதான்.

கார்த்திகா, உன் கணினி சொன்ன சொல் சரியாகவே இருக்கலாம். அடைப்புக்குறிக்குள் போடு. போடுமுன் அந்த ஊருக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போ. கரைமேல் யாராவது ஏதாவது சொன்னால், பாடம் எடுக்காமல் கேட்டுக்கொள்.

திருத்தம் வந்துவிட்டது, ஆனால் ஏரி நிரம்ப வேண்டுமே. நான் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருஷம் மழை கம்மி. பச்சையம்மாளுக்கு முழங்கால் போய்விட்டது, மூச்சும் வாங்குகிறது என்று கேள்விப்பட்டேன். டிவியில் வானிலைச் செய்தி வந்தால் வீட்டில் யாரையும் பேச விட மாட்டேன். அவள் கண் மூடுமுன் ஏரி நிரம்ப வேண்டும் என்று, சாமி கும்பிடும் பழக்கம் அதிகம் இல்லாத நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். என் தப்பால்தான் அவள் காத்திருந்தாள்.

போன ஐப்பசியில் புயல் மழை நான்கு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் ராஜவேலுவே போன் செய்து, ஏரி கோடி போகிறது, நாளைக் காலையில் வந்துவிடுங்கள் என்றார்.

போனேன். ஊரே கரைமேல் நின்றது. பச்சையம்மாளை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்து மதகுக்கு அருகே இறக்கினார்கள். மடியில் தட்டு. தண்ணீர் பாய்ச்சுகிறவர் நீரைப் பார்த்து நின்று, "குப்பாயி" என்று கூப்பிட்டார்.

அவள் தட்டின்மேல் இருந்த துண்டை விலக்கினாள்.

இரண்டாம் தடவை கூப்பிட்டார். ராஜவேலு பழக்கத்தில் வாயைத் திறந்தவர், கையால் பொத்திக்கொண்டார். பச்சையம்மாளின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

மூன்றாம் தடவை, "குப்பாயி".

"இருக்கேன்," என்றாள். மதகோரம் தண்ணீர் இரைச்சலில் அது பக்கத்தில் நின்ற எங்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

தண்ணீர் பாய்ச்சுகிறவர் திரும்பி, "காதுல விழலம்மா," என்றார்.

அவள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். "இருக்கேன்யா. இத்தினி வருஷமும் இங்கதான் இருந்தேன்," என்றாள்.

பலகையைத் தூக்கினார்கள்.